நோட்டு, ஆறு பேர், ஒன்பது மாதம்: தலைமைத் திறனை வளர்க்கும் வழி

கோயில் நிர்வாகக் குழு, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட், கோலாலம்பூரில் ஓர் அலுவலகப் பிரிவு என்று எங்கே பத்துப் பேரை நடத்தும் பொறுப்பு வந்தாலும், முதலில் இடறுவது நம்மைப் பற்றி நாமே போட்டு வைத்திருக்கும் கணக்குதான். "எனக்குப் பொறுமை உண்டு", "எல்லாரையும் கேட்டுத்தான் முடிவெடுப்பேன்" என்று நாம் நம்புகிறோம். கூட வேலை செய்பவர்கள் வேறொன்றைப் பார்க்கிறார்கள். இதைச் சரிபார்க்காமல் பயிற்சி வகுப்புக்குப் போகிறவர், ஏற்கெனவே நன்றாக வருவதையே மெருகேற்றிக்கொண்டு திரும்புவார். நன்றாகப் பேசுகிறவர் மறுபடியும் பேச்சுப் பயிற்சிக்கே பணம் கட்டுவார். அவருக்குத் தேவைப்பட்டது காதுகொடுத்துக் கேட்கும் பயிற்சியாக இருக்கும். அதனால் முதலில் பதிவு, பிறகு பிறர் கண், அதற்கும் பிறகுதான் படிப்பு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

நடப்பதற்கு முன்பே எழுதுங்கள்

200 பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கத்தில் தேதி, எடுத்த முடிவு, அதற்கான காரணம், என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பு, எப்போது திரும்பிப் பார்ப்பது என்ற ஐந்தையும் எழுதுங்கள். பிறகு நடந்ததை எழுத வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் வலியுறுத்திய முறை இது. முக்கியமான முடிவுகளை 9 அல்லது 12 மாதம் கழித்து ஒப்பிடச் சொன்னார். அவ்வளவு காலம் காத்திருந்தால் புதியவர்கள் சலித்துப் போவார்கள். எனவே சிறிய முடிவுகளுக்கு ஆறு வாரம், பெரியவற்றுக்கு ஒன்பது மாதம் என்று இரண்டு தவணை வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா முடிவையும் எழுத வேண்டியதில்லை. இன்னொருவரின் வேலையையோ நேரத்தையோ பொதுப்பணத்தையோ தொடும் முடிவு என்றால் எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தேறும்.

எதிர்பார்ப்பை எண்ணால் எழுதுவதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. "தொண்டர்கள் நல்ல ஆதரவு தருவார்கள்" என்று எழுதினால் ஆறு வாரம் கழித்து எது நடந்திருந்தாலும் அது பொருந்திவிடும். "தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பெயர் கொடுத்த 40 பேரில் 30 பேர் காலை 6 மணிக்குள் வந்துவிடுவார்கள்" என்று எழுதினால் தப்ப வழியில்லை. கைப்பேசியைவிடப் பேனாவும் தாளும் நல்லது. கைப்பேசிக் குறிப்பைப் பிறகு திருத்த மனம் வரும். அப்படித் திருத்துவதுகூட நமக்குத் தெரியாமலே நடக்கிறது. விடை தெரிந்த பிறகு "எனக்கு அப்போதே தெரியும்" என்று மனம் நினைவை மாற்றிக்கொள்வதை உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் சோதனைகள் வழியே காட்டினார். எழுத்து இல்லாவிட்டால் அந்த ஏமாற்றைப் பிடிக்கவே முடியாது.

மூன்று மாதம் ஆனதும் வலப்பக்கங்களை நிரப்பி, தவறிய கணக்குகளை நேரம், பணம், ஆட்கள் என மூன்றாகப் பிரியுங்கள். பெரும்பாலும் நேரத்தில்தான் குவியும். வேலைக்குத் தேவைப்படும் காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். இதற்குச் சுருக்கமான மருந்து உண்டு. 10 நாள் என்று நினைத்தது 16 நாள் ஆனால் உங்கள் விகிதம் 1.6. ஐந்தாறு வேலைகளின் சராசரியை எடுத்து, அடுத்த முறை வாக்குக் கொடுக்கும் முன் அந்த எண்ணால் பெருக்கிவிடுங்கள். ஆட்கள் பக்கம் குவிந்தால் அவ்வளவு எளிதல்ல. யாரை நம்பி ஏமாந்தீர்கள், யாரை நம்பாமல் விட்டீர்கள் என்று பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். ஒரே வகையான ஆளிடமே திரும்பத் திரும்ப ஏமாறுவது தெரியவரும். இனிக்கப் பேசுகிறவர், சொந்த ஊர்க்காரர், மறுக்கத் தெரியாதவர் என்று அந்த வகை ஆளுக்கு ஆள் மாறும்.

மொழிக்கும் ஒரு கட்டம் வேண்டும்

நம் ஊரில் இதைத் தனியாகக் கவனிப்பது அவசியம். பினாங்குத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் தமிழர், மலாய்க்காரர், சீனர், நேப்பாளியர் நிற்கிறார்கள். தமிழில் தட்டிக்கொடுத்து வேலை வாங்கத் தெரிந்த சூப்பர்வைசர், மலாயில் கட்டளை மட்டும் போடுவார். குணத்தில் கோளாறு எதுவும் இல்லை. அந்த மொழியில் அவரிடம் கட்டளைச் சொற்கள்தான் இருக்கின்றன. எதிரில் நிற்பவருக்கு அது தெரியாது, "கடுமையான ஆள்" என்று முடிவு கட்டிவிடுவார். நோட்டில் ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்திலும் எந்த மொழியில் பேசினீர்கள் என்று குறியுங்கள். சிக்கல்கள் ஒரே மொழியில் சேர்ந்தால், அந்த மொழியில் கருத்துக் கேட்க ஒன்று, பாராட்ட ஒன்று, திருத்த ஒன்று என மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்து தினமும் பயன்படுத்துங்கள். "ஆப்பா பெண்டாப்பாட் ஆவாக்?" (உங்கள் கருத்து என்ன?) என்ற ஒரு கேள்வியே வரிசையின் முகத்தை மாற்றும்.

பிறர் கண்

நமக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த பகுதி ஒன்று எல்லாரிடமும் இருக்கிறது. உளவியலாளர்கள் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹம் இருவரும் 1955இல் வரைந்த, தன்னை அறிய உதவும் 'ஜோஹரி சாளரம்' என்ற படத்தில் அது நான்கில் ஒரு கட்டம். அதைத் திறக்க ஆறு பேர் வேண்டும்: மூத்தவர் இருவர், சமநிலையில் இருவர், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் இருவர்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். "நான் எப்படி நடத்துகிறேன்?" என்று கேட்டால் "நல்லாத்தாண்ணே இருக்கு" என்ற பதிலோடு முடிந்துவிடும். மரியாதை கருதி வரும் பதில் அது; அதில் பொய்யும் இல்லை, பயனும் இல்லை. நடந்து முடிந்த ஒன்றைக் குறிப்பாகப் பிடித்துக் கேளுங்கள்: "நேற்றைய கூட்டத்தில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றால், எதை?" மூத்தவரிடம் கேட்கும்போது "ஐயா, அடுத்த தடவை இதை நான் எப்படிச் செய்தால் நல்லது?" என்று ஆலோசனையாகக் கேட்டால் தாராளமாகச் சொல்வார். இளையவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். வற்புறுத்துவது அவர்களுக்குச் சங்கடம். நம்பிக்கையான மூன்றாம் ஆள் ஒருவர் எல்லாரிடமும் கேட்டு, பெயரில்லாமல் ஒரே தாளில் தொகுத்துத் தரட்டும். இதில் இளையவர் இருவர் மட்டும் இருந்தால் யார் சொன்னது என்று எளிதில் தெரிந்துவிடும். இந்தத் தொகுப்புக்கு மட்டும் குறைந்தது நான்கு இளையவர்களைச் சேருங்கள். வாட்சாப் குழுவில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். முதலில் ஒருவர் புகழ்ந்தால் மற்றவர்கள் பூங்கொத்துப் படத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பதில் வந்ததும் "நன்றி, ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்" என்பதற்கு மேல் பேச வேண்டாம். விளக்கம் சொல்லத் துடிக்கும் நாக்கை ஒரு நாள் அடக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் ஒன்றையாவது மாற்றிவிட்டு, சொன்னவரிடமே போய் "நீங்கள் சொன்னதை இப்படி மாற்றியிருக்கிறேன்" என்று தெரிவியுங்கள். இந்தப் படியை விட்டால் அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான்கு எழுத்தில் உங்கள் ஆளுமையைச் சொல்லும் தேர்வுகளுக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டாம். சில வாரம் கழித்து அதே ஆள் எழுதினாலே வேறு விடை வருவதுண்டு.

ஒரு குறைக்கு மூன்று மாதப் படிப்பு

நோட்டும் ஆறு பேரும் சேர்ந்து சுட்டும் குறைகளில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே நேரத்தில் நேர மேலாண்மை, கோபம், பொறுப்புப் பகிர்வு மூன்றையும் திருத்த முயன்றால் எது மாறியது, எதனால் மாறியது என்று நோட்டு சொல்லாது.

தலைவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது முடிவுக்கு முந்தைய பக்கத்தில் நிறுத்துங்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரும் அமைச்சருமாக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் காலத்தில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர்களுக்கு வேலையோடு வீடும் போகும் நிலை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். பிறகு மேலே படியுங்கள்: 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது, தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து பங்குப்பணம் கட்டித் தாங்களே தோட்டங்களை வாங்கினார்கள். உங்கள் விடைக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் பாடம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டு வழிநடத்தி 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸைப் படிக்கும்போது வேறொரு கேள்வி வையுங்கள்: அரசுப் பதவி எதுவும் இல்லாமல், பொதுமக்களின் புகார்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளைப் பதில் சொல்ல வைப்பது எப்படி? கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகமும், பினாங்கில் கிரீன்லேன் மின்னூலகமும் உட்கார்ந்து எழுத வசதியான இடங்கள்.

திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரத்தை உரை படிப்பதோடு விடாமல் படிவமாக்கிக்கொள்ளலாம். முதல் குறள் சொல்லும் வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி நான்கையும் நான்கு கட்டமாக வரைந்து, தொடங்கப்போகும் வேலையை அதில் நிரப்புங்கள். துணைவலிக் கட்டத்தில் "எல்லாரும் இருக்கிறார்கள்" என்று எழுதத் தோன்றினால், பெயர்களை எழுதுங்கள். எண்ணிக்கை சட்டென்று குறையும்.

நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் மனிதவளப் பிரிவில் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் உள்ள முதலாளிகள், சட்டத்துக்கு உட்பட்ட துறைகளில், சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப் என்ற அரசின் மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்குப் பயிற்சி வரியாகக் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் வகுப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது உங்கள் தகுதிக்கு மீறியதல்ல. வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை மணி நேரம் நீங்களே செய்து பார்ப்பீர்கள் என்று விசாரியுங்கள். பாதிக்கும் குறைவு என்றால் வேறு வகுப்புத் தேடுங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்தின் கிளையில் சேர்கிறவர்கள் பேச்சைவிட மதிப்பீட்டாளர் பொறுப்பை அதிகம் கேட்டு வாங்க வேண்டும். இன்னொருவரின் ஏழு நிமிடப் பேச்சைக் கவனித்து, மனம் நோகாமல் மூன்று நிமிடத்தில் குறை நிறை சொல்வது தலைவருக்கு நாள்தோறும் தேவைப்படும் வேலை.

பழகும் இடம்

சம்பளம் கொடுக்காத இடத்தில் பழகுங்கள். தொண்டர்களை அதிகாரத்தால் நகர்த்த முடியாது. முடிவுத் தேதி உள்ள சிறிய வேலையாக எடுங்கள். தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ போகும் வழியில் ஒரு பந்தல், பள்ளி விளையாட்டுப் போட்டியின் உணவுப் பகுதி போல. தலைவர் பதவியைவிடச் செயலாளர் பதவி அதிகம் கற்றுத்தரும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். அந்தக் கெடுவுக்குள் கணக்கு, கூட்டக் குறிப்பு, பொறுப்பாளர் பட்டியல் மூன்றையும் மூன்று பேரிடமிருந்து வாங்கித் தீர்ப்பவருக்குப் பின்தொடரும் கலை தானாக வந்துவிடும்.

கூட்டம் நடத்தும்போது ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, நீங்கள் பேசிய நிமிடங்களை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தில் அது 20 நிமிடத்தைத் தாண்டினால் கேட்க வந்தவர்கள் சொற்பொழிவு கேட்டுவிட்டுப் போகிறார்கள். கேள்வி கேட்டதும் மனத்துக்குள் ஏழு வரை எண்ணுங்கள். முதலில் பெரியவர் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு நின்றுவிடும். வயதில் குறைந்தவரிலிருந்து தொடங்குங்கள், நிறைவுக் கருத்தைப் பெரியவருக்கு வையுங்கள். அவர் மரியாதையும் குறையாது, இளையவர் யோசனையும் வெளியே வரும்.

வேலையைப் பகிரும்போது என்ன வேலை, எதைக்கொண்டு, யார், எந்தத் தேதிக்குள் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நாள் ஆனதும் ஒரு முறை, இரண்டு பங்கு ஆனதும் ஒரு முறை கேளுங்கள். நடுவில் கேட்டுக்கொண்டே இருந்தால் "அண்ணனே பார்த்துக்கொள்வார்" என்று வேலை உங்களிடமே திரும்பி வரும்.

ஒன்பதாம் மாதம் நோட்டை முதலிலிருந்து படியுங்கள். படித்தும் பழகியும் அதே குறை மூன்று மாதத் தவணைகள் மூன்றிலும் தொடர்ந்திருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கணக்கில் தொடர்ந்து தடுமாறுபவர், 500 வெள்ளிக்கு மேற்பட்ட செலவு எதுவும் பொருளாளர் ஒப்புதல் இல்லாமல் நடக்காது என்று குழுவில் எழுதி நிறைவேற்றிவிட்டு, அடுத்த மூன்று மாதத்துக்கு வேறொரு குறையை எடுக்கட்டும்.