ஊர்ப் புல்வெளியைப் பற்றி ஒருவரிடம் கதை கேட்பது எப்படி

கொழும்பில் நாம் அன்றாடம் சந்திப்பவர்களில் சிலர், சிறுவயதில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள். கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடையில் கணக்கெழுதுபவர் ஊவா மலைநாட்டின் பத்தனை எனப்படும் புல்வெளிச் சரிவிலிருந்து வந்தவராக இருக்கலாம். வெள்ளவத்தை அடுக்குமாடியில் மேல்வீட்டு ஐயா, குதிரைகள் மேயும் நெடுந்தீவு வெளியை விட்டு வந்தவராக இருக்கலாம். அந்த நிலங்களை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைக்க விரும்புவோர், முதற் கேள்வியிலேயே பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள்.

நானும் தவறினேன். நெடுந்தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவரிடம், "உங்கட ஊரில உங்களுக்கு எது பிடிக்கும் ஐயா?" என்று கேட்டேன். "நல்ல ஊர்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பேச்சும் அத்தோடு முடிந்தது. நம் திணை இலக்கணம் ஒரு நிலத்தை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பகுத்திருக்கிறது அல்லவா? நிலமும் பொழுதும் முதல்; தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் போன்றவை கரு; மனத்தில் நிகழ்வது உரி. நான் உரியை முதலிற் கேட்டுவிட்டேன். முதலையும் கருவையும் பொறுமையாகக் கேட்டால், உரி கேட்காமலே வரும்.

ஆகவே பொழுதிலிருந்து தொடங்குங்கள். தீவுப் பகுதியாரிடம் காற்றைப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது: சோழகம் எப்போது எழும்பும், வாடை தொடங்கினால் வெளியின் நிறம் எப்படி மாறும், கச்சான் அடிக்கும்போது மாடுகள் எங்கே ஒதுங்கும். வெறுமனே "காற்று" என்று கேட்டால் வெறும் விடைதான் கிடைக்கும். மலையகத்தாரிடம் "மானா எந்த மாசம் காயும்?" என்று கேளுங்கள். ஊவாவில் ஆண்டின் நடுப்பகுதி வரட்சியானது; மானாப்புல் காய்ந்து நிற்கும் அக்காலத்தில் பத்தனை எரிவது பழகிய காட்சி. மாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்க வேண்டும் என்று வைக்கப்படும் தீயும் உண்டு, கவனக்குறைவால் பரவும் தீயும் உண்டு. இதில் யார் வைத்தார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. அது விசாரணை ஆகிவிடும். எரிந்த பிறகு முதலில் என்ன முளைத்தது என்று கேட்டால் போதும். பத்தனை இயற்கையாகவே புல்வெளிதான் என்று ஒருவரும், அது ஒருகாலத்தில் காடாக இருந்தது என்று இன்னொருவரும் சொல்லக்கூடும். உலர் பத்தனைகள் தீயினால் உருவானவையா என்பதில் ஆய்வாளர்களிடமே நெடுங்கால விவாதம் இருப்பதால், நாம் திருத்தப் போகாமல் இருவர் சொன்னதையும் எழுதிக்கொள்வதே முறை.

கருப்பொருளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது தொழில். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஓர் அக்கா, புல்லின் அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. லயத்து மாட்டுக்குப் புல்லறுக்கப் போன பாதையை மட்டும் அரைமணி நேரம் விவரித்தார். மண்ணைத் தேற்றுவதற்காகப் பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மானாவையும் குவாத்தமாலாப் புல்லையும் நட்டதை, மறுபடி கன்று நடும்வரை அந்த மலை எப்படி இருந்தது என்பதை, அவர் சொல்லித்தான் நான் கண்முன் கண்டேன். "பைனஸ் மரம் வருவதற்கு முன்னால அங்க என்ன இருந்துச்சு?" என்ற கேள்வியும் வீண்போகாது. நெடுந்தீவாரிடம் குதிரையை விடத் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்: போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், கோடையில் அவை எந்தத் துரவைத் தேடிப்போகும் என்பதை அங்கே வாழ்ந்தவர்தான் சொல்வார்.

ஹோர்ட்டன் சமவெளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த அந்த இடத்தைச் சுற்றுலா சென்ற எவரும் வர்ணிப்பர். பார்த்து வந்தவரின் பேச்சும் இருந்து வந்தவரின் பேச்சும் வேறு. மரையைப் படம் பிடித்த கதை நமக்கு வேண்டாம். ஆனால் களனி கங்கையின் தலைநீர் சில அந்த மேட்டுப் புல்லுக்கடியில் ஊறித்தான் கீழே வருகிறது, அந்த ஆற்றிலிருந்து அம்பத்தளையில் எடுக்கும் நீரைத்தான் கொழும்பின் பெரும்பகுதி குடிக்கிறது என்பதைப் பேச்சினிடையே சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

இடமும் முக்கியம். வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன் எந்தப் புல்வெளியும் நினைவுக்கு வருவதில்லை. போயா விடுமுறையில் மாலை நான்கரை மணிக்குப் பிறகு காலிமுகத்திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் நிறைவுசெய்த அதன் நடைபாதையை, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பேணும்படி பின்வருவோரிடம் ஒப்படைத்ததாகக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இன்று புல் தேய்ந்துதான் கிடக்கிறது. இருந்தாலும் மறைப்பில்லாத வானமும் ஒரே திசையிலிருந்து வரும் காற்றும் வேறெங்கே கிடைக்கும்? "இதெல்லாம் ஒரு வெளியா?" என்று அவர் சலித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது, ஒப்பிடத் தொடங்கிவிட்டார் என்று பொருள். இறால் வடையைப் பேச்சு முடிந்தபின் வாங்குங்கள், முன்னதாக வாங்கினால் காகங்களோடுதான் கதைக்க வேண்டியிருக்கும்.

பேச்சு சில வேளை துயரத்தில் போய் நிற்கும். நெடுந்தீவாரிடம் கடற்பயணத்தைக் கேட்டால், 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலை வரக்கூடும். அப்போது பேச்சைப் புல்வெளிக்குத் திருப்பப் பார்க்காதீர்கள். குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேளுங்கள். அந்தப் பகுதியை எழுதலாமா என்பதை இன்னொரு நாள் தனியாகக் கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவுக்கு முன்கூட்டியே சம்மதம் பெறவேண்டும். கடற்காற்றில் கைபேசியின் ஒலிவாங்கி இரைச்சலைத்தான் பிடிக்கும் என்பதால், அதை ஒரு கைக்குட்டையால் மெல்லச் சுற்றி அவருடைய சட்டைப்பையில் வைப்பது உதவும். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வீட்டையும் கிணற்றையும் மேய்ச்சல் வெளியையும் வரையச் சொல்லுங்கள். வரையும்போது வரும் இடப்பெயர்கள் வரைபடத்தில் இல்லாதவையாக இருக்கும், அவற்றை அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள்.

அன்றிரவே எழுதி, அடுத்த கிழமை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மேலே சொன்ன முதியவரை இரண்டாம் முறை சரியாகக் கேட்டு எழுதி வாசித்தபோது, "மாலைக் காற்றில் புல் சாய்ந்தது" என்ற வரியில் நிறுத்தினார். "காத்தில்லைத் தம்பி, சோழகம். அதோட புல்லு சாயாது, படுக்கும்" என்றார். திருத்தி எழுதினேன்.