ஏற்காட்டு வானில் இணையச் செயற்கைக்கோள் பார்ப்பது எப்படி?

மாடியில் இருக்கும் டிடிஎச் குடை எப்போதும் ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கான செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், நமக்கு அது நகராது. இணையம் தரும் ஸ்டார்லிங்க் வகைச் செயற்கைக்கோள்கள் வேறு. ஏறக்குறைய 550 கி.மீ. உயரத்தில், நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஓடுபவை. உயரம் குறைவு என்பதால் சிக்னல் சட்டென்று போய்வரும். ஆனால் ஒரு செயற்கைக்கோள் நம் வானத்தில் சில நிமிடமே தங்கும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் ஏவுகிறார்கள். அந்த ஓட்டத்தை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். சேலத்துக்குள் விளக்கு வெளிச்சம் தொல்லை. ஏற்காட்டுக்குப் போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடுங்கள்.

முதலில் நாள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள், அமாவாசையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போனால் மூடுபனியைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும்.

அடுத்து, ஹெவன்ஸ் அபவ் (Heavens-Above) இணையதளத்தில் ஊரை ஏற்காடு என்று கொடுங்கள். எது, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் வரும் என்று பட்டியல் வரும். பிரகாசத்துக்கான எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம். மைனஸில் இருந்தால் இன்னும் நல்லது. பழகுவதற்கு முதலில் சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பிடியுங்கள், அது நன்றாக மின்னும். அப்புறம் ஸ்டார்லிங்க். ஏவிய முதல் சில நாட்கள் அவை ரயில் பெட்டிகள் போல வரிசையாகப் போகும். பிரிந்து மேலே ஏறியபின் மங்கிவிடும்.

நேரம்தான் முக்கியம். சூரியன் மறைந்து முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பாருங்கள். நமக்கு இருட்டிவிட்டது, அங்கே மேலே இன்னும் வெயில் அடிக்கிறது. நமக்குத் தெரிவது அந்த வெயிலின் பிரதிபலிப்புதான். நடுராத்திரியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. விடியலுக்கு முன் மறுபடி வாய்ப்பு உண்டு.

சேலம் வெளிச்சம் படாத பக்கமாக, விடுதி மொட்டை மாடியில் நின்றால் போதும். எஸ்டேட்டுக்குள் இருந்தால் சில்வர் ஓக் மரங்கள் பாதி வானத்தை மறைத்துவிடும். பட்டியலில் உயரம் 30 டிகிரி என்று போட்டிருந்தால், கையை நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கி, அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி அடுக்குங்கள். ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி.

சிவப்பாகச் சிமிட்டினால் விமானம். நான் முதல் நாள் விமானத்துக்குத்தான் குடும்பத்தோடு கைதட்டினேன். செயற்கைக்கோள் சிமிட்டாமல் சீராக நகரும். போய்க்கொண்டே இருந்தது நடுவானில் சட்டென்று அணைந்தால் பதறாதீர்கள், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.