வைரக் கல்லைப் பதிக்கக் கொடுப்பதற்கு முன்: மதிப்பீடும் காப்பீடும்

கோவையில் கல்லை வாங்கி, திருச்சூர்ப் பட்டறையில் மோதிரமாகக் கட்டி வாங்குவது தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற குடும்பங்களுக்குப் புதிதில்லை. பாலக்காட்டுப் பக்கம் கல்பாத்தியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பாட்டியின் ஏழு கல் தோட்டைப் பிரித்து, பேத்திக்குப் புது மாதிரியில் கட்டுவதும் உண்டு. இரண்டிலுமே சில நாட்கள், சமயத்தில் சில வாரங்கள், வைரம் நகையாக இல்லாமல் வெறும் கல்லாக இருக்கும். கல்லை முழுமையாக மதிப்பிட முடிவது அந்த நாட்களில்தான். வீட்டுக் காப்பீடு அதைக் கைவிடுவதும் அதே நாட்களில்தான்.

2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியின் விலக்குப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். தங்கக் கட்டி, கையெழுத்துப் பிரதி, பணம் ஆகியவற்றோடு "பதிக்கப்படாத விலையுயர்ந்த கற்கள்" என்றும் இருக்கும். பாலிசியில் தனியாக எழுதிச் சேர்த்தால் ஒழிய அதற்கு இழப்பீடு கிடையாது. நகைக்குத்தான் பாலிசி இருக்கிறதே என்று கல்லைப் பீரோவில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியைப் பார்ப்பதே இல்லை.

முதலில் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டிய கல்லின் எடையைத் தராசு சொல்லாது. அளவை வைத்து உத்தேசமாகக் கணக்கிடத்தான் முடியும். நிறத்தைக் கல்லைக் கவிழ்த்து வைத்து, மாதிரிக் கற்களின் பக்கத்தில் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள். மஞ்சள் தங்கத்துக்குள் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தங்கத்தின் சாயல் கல்லிலும் தெரியும். உள்ளே இருக்கும் குறை, கல்லைப் பிடித்திருக்கும் கம்பி முனைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் வைரத் தரம் சொல்லும் ஆய்வகமான ஜிஐஏ உதிரிக் கல்லுக்கு மட்டுமே தர அறிக்கை தருகிறது. இன்னொரு ஆய்வகமான ஐஜிஐ கட்டிய நகைக்கும் தரும், ஆனால் நகை அமைப்பு அனுமதிக்கிற அளவுக்கு மட்டும். ஐஜிஐக்குத் திருச்சூரிலேயே ஆய்வகம் இருக்கிறது. அறிக்கை இல்லாத கல் கையில் இருந்தால் பட்டறைக்குப் போகும் வழியில் முதலில் அங்கே கொடுத்து வாங்குங்கள்.

பழைய தோட்டிலிருந்து வரும் கற்களுக்கு இது இன்னும் முக்கியம். பின்பக்கம் மூடிக் கட்டிய தோட்டில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்த கல்லை வேறு எப்போதும் இப்படிப் பார்க்க முடியாது. "ப்ளூ ஜாகர்" என்று வீட்டில் சொல்லி வந்த கல்லாக இருந்தால், அறிக்கையில் ஃப்ளோரசன்ஸ் (புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வது) என்ற வரியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. நம் ஊரில் நீல ஒளிர்வு உள்ள வெள்ளைக் கல்லையெல்லாம் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டது. ஒளிர்வு எவ்வளவு என்பதை ஆய்வகம் சொல்லும். எந்தச் சுரங்கம் என்பதை அந்தப் பெயரை வைத்து நம்ப வேண்டாம். பத்து, பதினைந்து சென்ட் (ஒரு சென்ட் என்பது கேரட்டில் நூறில் ஒரு பங்கு) கற்களுக்குத் தனித்தனி அறிக்கை வாங்குவது செலவுக்குத் தகாது. மொத்தமாக இயற்கைக் கல்தானா என்று சோதித்து, ஒவ்வொன்றின் எடையையும் குறித்து வைத்தால் போதும்.

அறிக்கை வந்த பிறகு, அது இந்தக் கல்லுக்குத்தானா என்று நீங்களே சரிபார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் என்கிற கைக்கண்ணாடி ஒன்று, கேரட் தராசு, முனை மழுங்கிய சிமிட்டா (சின்ன இடுக்கி), விளிம்பு வைத்த வெள்ளைத் தட்டு இவ்வளவு போதும். கையால் தொடாதீர்கள். வைரத்தில் எண்ணெய் சட்டென்று ஒட்டும். விரல் பட்ட கல் மங்கலாகத் தெரியும். கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்துவிட்டு எடை போடுங்கள்.

ஒரு கேரட் என்பது 0.2 கிராம், அதாவது 100 சென்ட். தங்கத்தின் 22 கேரட் தரத்தைக் குறிப்பது, இது எடை. பில்லில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது குழம்ப வேண்டாம். எடை அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பின், அளவையும் பாருங்கள். வட்டக் கல்லுக்கு ஒரு கணக்கு உண்டு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 0.0061ஆல் பெருக்கினால் கேரட் எடை கிட்டத்தட்ட வந்துவிடும். 5.1 மில்லிமீட்டர் விட்டமும் 3.15 மில்லிமீட்டர் உயரமும் உள்ள வைரம் 50 சென்ட் அருகே நிற்க வேண்டும். அதே அளவுள்ள கல் 80 சென்ட்டுக்கு மேல் காட்டினால் அது க்யூபிக் சிர்கோனியா என்ற போலிக் கல். அதன் அடர்த்தி வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

மொய்ஸனைட் என்ற இன்னொரு போலிக் கல் எடையில் அவ்வளவு சுலபமாக மாட்டாது. வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் பேனா டெஸ்டர் அதையும் வைரம் என்றே சொல்லும். லூப்பில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் கோடுகள் இரட்டையாகத் தெரியும்; வைரத்தில் அப்படித் தெரியாது. ஆய்வகத்தில் வளர்த்த சிவிடி, ஹெச்பிஹெச்டி கற்களை லூப்பும் பேனாவும் காட்டிக்கொடுக்காது. அதுவும் வைரம்தான், விலைதான் வேறு. அதைப் பிரித்துச் சொல்ல ஆய்வகக் கருவி வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து ஜிஐஏ அந்தக் கற்களுக்கு டி, இ, எஃப் என்று நிறம் பிரித்துத் தருவதை நிறுத்தி, பிரீமியம், ஸ்டாண்டர்ட் என்ற இரண்டு வகை மட்டும் தருகிறது.

கர்டில் எனப்படும் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த அறிக்கை எண்ணை லூப்பில் தேடுங்கள். கல்லை மெதுவாகச் சுற்றினால் தெரியும். எண் இருப்பது மட்டும் சான்றாகாது. வேறு கல்லில் அதே எண்ணைப் பொறிக்க முடியும். எண், எடை, மில்லிமீட்டர் அளவு, உட்குறைகளின் வரைபடம் நான்கும் பொருந்த வேண்டும். எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு சேமித்து வையுங்கள்.

லூப் கையில் இருக்கும்போதே பதிக்கிறவருக்கு ஆபத்தான இடங்களையும் பார்த்துவிடுங்கள். வைரம் கீறாது, ஆனால் உடையும். அதற்குப் பிளவுபடும் திசைகள் நான்கு உண்டு. விளிம்பில் ஒரு பக்கமாக அழுத்தம் விழுந்தால் சில்லுப் பெயரும். கர்டில் "மிக மெல்லியது" என்று அறிக்கை சொன்னாலோ, ஃபெதர் என்கிற உட்கீறல் கர்டில் வரை வந்து நின்றாலோ, கல் சதுரமாகவோ கண்ணீர்த்துளி வடிவிலோ முனையோடு இருந்தாலோ அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கீறலைக் கண்ணாடிப் பொருளால் அடைத்த கல் என்று தெரிந்தால் ஊதுகுழல் நெருப்பு அதன் பக்கமே போகக் கூடாது. அடைப்பு உருகி, மறைந்திருந்த கீறல் வெளியே வந்துவிடும்.

மதிப்பு என்பது எந்த மதிப்பு

தர அறிக்கையில் விலை இருக்காது. காப்பீட்டுக்கு வேண்டியது மதிப்பீட்டுச் சான்று. அதை வருமான வரித்துறையில் பதிவு பெற்ற நகை மதிப்பீட்டாளரிடம் வாங்குங்கள், விற்ற கடையிடம் வேண்டாம். கடைக்காரர் நல்லவராகவே இருந்தாலும் தான் விற்ற பொருளுக்குத் தானே மதிப்புப் போட்டால், இழப்பீட்டு நேரத்தில் இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் அதை ஏற்கத் தயங்குவார்.

சான்றில் "மாற்று மதிப்பு" என்று தெளிவாக இருக்க வேண்டும். அதாவது இதே எடை, நிறம், தெளிவு, வெட்டு உள்ள கல்லை இன்று கடையில் வாங்க ஆகும் தொகை. திருப்பி விற்றால் கிடைப்பது அதைவிடக் குறைவு. கடையே திரும்ப எடுத்துக்கொள்ளும் பைபேக் தொகை இன்னொரு கணக்கு. கல்லின் விலை 4,00,000 ரூபாய் என்றால் உதிரி வைரத்துக்கான ஜிஎஸ்டி 1.5 சதவீதம், 6,000 ரூபாய். மாற்று மதிப்பு 4,06,000. நகையானால் வரி 3 சதவீதம். அந்தக் கணக்கு பிறகு.

வேண்டுமென்றே உயர்த்தி எழுதித் தரச் சொல்லாதீர்கள். கூடுதல் பிரீமியம் கட்டுவீர்கள். பாலிசி சந்தை மதிப்பின்படி தருவதாக இருந்தால் அந்தக் கூடுதல் கைக்கு வராது. குறைத்து எழுதுவதும் நஷ்டம்தான். சராசரி விதி (குறைத்துக் காப்பீடு செய்த விகிதத்திலேயே இழப்பீட்டையும் குறைப்பது) உள்ள பாலிசியில் 4 லட்சம் பெறுமான கல்லை 3 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்து, 1 லட்சத்துக்குச் சேதம் வந்தால் 75,000தான் கிடைக்கும். வளர்த்த வைரமாக இருந்தால் சான்று புதிதாக இருப்பது மிக அவசியம். சில ஆண்டுகளாக அதன் விலை வேகமாக இறங்கிவிட்டது.

காப்பீட்டு அலுவலகத்தில் கேட்க வேண்டியவை

பாரத் கிருஹ ரக்ஷாவில் நகை முதலிய விலையுயர்ந்த பொருட்களுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பில் கூடுதல் காப்பு எடுக்கலாம். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும், ஒரு பொருள் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் சான்று வேண்டும். இதைத் தவிர, வீட்டுக்கு வெளியிலும் செல்லும் ஆல் ரிஸ்க் காப்பும் சில நிறுவனங்களிடம் உண்டு. எதுவானாலும் "பதிக்கப்படாத வைரம், அறிக்கை எண் இன்னது, எடை இவ்வளவு" என்று பாலிசியில் எண்டார்ஸ்மென்ட்டாக (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் குறிப்பாக) எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். ஏஜெண்டு வாயால் "அதெல்லாம் கவர் ஆகும்" என்று சொன்னால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். காகிதத்தில் வேண்டும்.

எழுதித் தர மறுத்தால் வழி இருக்கிறது. கல்லை வாங்கும் கடையிலேயே கட்டித் தரச் சொல்லி, முடிந்த நகையாகப் பெறும் நாளில் பில் போடச் சொல்லுங்கள். அதுவரை கல் அவர்களுடையது, ஆபத்தும் அவர்களுடையது. முன்பணத்துக்கு ரசீது மட்டும் வாங்குங்கள். சொந்தக் கல் என்றால் பட்டறையில் உட்காரும் தேதியை முன்பே குறித்துவிட்டு, அதுவரை லாக்கரில் வையுங்கள். லாக்கரும் காப்பீடு ஆகாது. 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 என்றால் 2 லட்சம்.

ராசி பார்க்க நான்கு நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். அப்படிக் கல்லை எடுத்துவரும்போது கடை தரும் ஜாங்கட் சீட்டை, அதாவது விற்காமல் பார்வைக்குக் கொடுத்ததற்கான சீட்டை, படியுங்கள். அந்த நாட்களில் தொலைந்தால் யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும், பெரும்பாலும் எடுத்துப்போனவர்தான்.

பட்டறையில் ஒப்படைக்கும்போது

நகைக்கடைகள் எடுக்கும் ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசி, கடையில் இருக்கும் வாடிக்கையாளர் பொருளையும் பொறுப்பு உள்ள அளவுக்குச் சேர்க்கும். ஆனால் வேலை செய்யும்போது அந்த வேலையாலேயே ஏற்படும் சேதத்தை அது விலக்கிவிடும். உங்கள் ஆல் ரிஸ்க் பாலிசியும் பழுதுபார்த்தல், சுத்தம் செய்தல் போன்ற வேலைகளில் வரும் சேதத்தை ஏற்காது. ஆக, பதிக்கும்போது கல் உடைந்தால் இரண்டு பாலிசியும் கைவிரிக்கும். மிஞ்சுவது பத்தரோ கடையோ எழுதிக் கொடுக்கும் சீட்டு ஒன்றுதான். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால், இந்தச் சீட்டை வாங்குங்கள்.

அதில் அறிக்கை எண், சென்ட் வரை எடை, மில்லிமீட்டர் அளவு, மதிப்பு, "விளிம்பில் உடைசல் இல்லை, இருவரும் லூப்பில் பார்த்தோம்" என்ற வரி, திருப்பித் தரும் தேதி, உடைந்தால் யார் என்ன தருவார் என்ற வாசகம் ஆகியவை இருக்கட்டும். கடை வேலையை வெளிப் பட்டறைக்கு அனுப்பினால் அங்கேயும் போகும் வழியிலும் அவர்களுடைய காப்பு உண்டா என்று கேட்டு அதையும் எழுதச் சொல்லுங்கள். இழப்பீட்டை மறுமெருகுச் செலவோடு நிறுத்த விடாதீர்கள். 1.02 கேரட் கல்லில் சில்லுப் பெயர்ந்து மறுமெருகில் 0.98 ஆனால், போனது 4 சென்ட் மட்டும் இல்லை. ஒரு கேரட்டுக்குக் கீழே வந்ததும் கேரட் விலையே கீழ்த்தட்டுக்கு இறங்கிவிடும்.

பத்தரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். பொறித்த எண்ணின் மேல் கம்பி முனை வர வேண்டாம். உட்கீறல் விளிம்பைத் தொடும் இடத்தில் அழுத்தம் விழ வேண்டாம். மெழுகில் கல்லை வைத்து அப்படியே வார்க்கும் முறை பெரிய ஒற்றைக் கல்லுக்கு வேண்டாம். தங்கம் 18 கேரட்டாக இருந்தால் பிடிமானம் நிற்கும். 22 கேரட் மென்மையானது, கம்பி முனை சீக்கிரம் வளையும்.

கல்லோடு எல்லை தாண்டும்போது அறிக்கையின் நகலும் பில்லும் வேறு பையில் இருக்கட்டும். காரில் கல்லை விட்டுவிட்டு டீ குடிக்க இறங்காதீர்கள். ஆளில்லாத வண்டியிலிருந்து போனதைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. வழியில் திருடு போனால் எந்த ஊர் எல்லை என்று அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலையில் வந்த சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். நிறுவனத்தோடு தகராறு வந்தால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) அலுவலகம் சென்னையில், பாலக்காட்டுக்காரர்களுக்குக் கொச்சியில்.

நகை கைக்கு வந்ததும்

கடையை விட்டு இறங்கும் முன் எண்ணையும் உட்குறையையும் மறுபடி லூப்பில் பாருங்கள். தங்கத்தின் எடையில் கல்லின் எடையைக் கழித்திருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள். 1 கேரட்டுக்கு 0.2 கிராம். ஹால்மார்க்கோடு வரும் ஹெச்யுஐடி எண் தங்கத்துக்குத்தான் சான்று, வைரத்துக்கு இல்லை. பிறகு கல், தங்கம், கூலி, வரி எல்லாம் சேர்த்துப் புது மதிப்பீடு வாங்கி, பாலிசியில் "பதிக்கப்படாத வைரம்" என்பதை "வைர மோதிரம்" என்று மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் பாலிசியில் இருக்கும் பொருள் ஒன்று, விரலில் இருக்கும் பொருள் வேறொன்று.

கம்பி தேய்ந்து கல் விழுந்தால் அதைத் தேய்மானம் என்று சொல்லி மறுப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோதிரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். மெல்லிய சத்தம் கேட்டால் அன்றே கழற்றிப் பத்தரிடம் கொடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது கம்பியைப் பரிசோதித்ததற்கான ரசீதை வாங்கி, பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.