தக்காளிக்கு மருந்து வாங்க முன்

மட்டக்களப்பில் தக்காளி வைத்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். முக்கால்வாசி நேரம் மருந்தே வேண்டாம். பிழை தண்ணீரில் இருக்கும், இல்லாவிட்டால் நட்ட மாதத்தில் இருக்கும்.

காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிகிறதா? பூஞ்சணம் என்று நினைத்துக் கடைக்கு ஓடாதீர்கள். கல்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அது தண்ணீரோடுதான் மேலே ஏறும். கல்லடி தொடங்கி அக்கரைப்பற்று வரை கரையோரம் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால் காய் கறுக்கும், சில வேளை வெடிக்கும். காலையும் பின்னேரமும் அளவாக ஊற்றுங்கள். நடும்போதே குழிக்குள் மக்கிய மாட்டெரு போட்டு, அடியைச் சுற்றி வைக்கோல் பரப்பினால் ஈரம் தங்கும். யூரியாவை அள்ளிப் போடுகிறவர்களுக்கும் இதே கறுப்பு வரும். செடி மட்டும் பச்சைப் பசேலென்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும்.

முதல் மழை விழுந்ததும் ஆசையாக நடுவது இன்னொரு பிழை. நவம்பர், டிசம்பர் மாரியில் வேர் அழுகிவிடும். டிசம்பரில் மழை படாத, வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் விதை போட்டு, ஜனவரிக் கடைசியில் உயர்த்திய பாத்தியில் நடுவது என் வழக்கம். ஏப்ரல் வரை பிந்தினால் கச்சான் என்கிற சூடான, வறண்ட காற்றடிக்கும் காலத்தில்தான் பூக்கும். இரவு வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்காத நாட்களில் பூ பிடிக்காமல் உதிரும். அதற்கு எந்தப் போத்தலிலும் மருந்து இல்லை.

நேற்று வரை நன்றாக நின்ற செடி பச்சையாகவே வாடினால் விஷயம் வேறு. தண்டின் அடியை வெட்டி, கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போல் நூல் நூலாக இறங்கினால் அது பக்டீரியா வாடல். ஊற்றி ஊற்றிக் காப்பாற்ற முடியாது. ஓடுகிற தண்ணீரோடு பக்கத்துச் செடிக்கும் போகும். வேரோடு பிடுங்கி எரியுங்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள். அந்த இடத்தில் கத்தரி, மிளகாய் வைக்கவும் கூடாது, எல்லாம் ஒரே குடும்பம். இது தெரியாமல் நான் கத்தரி வைத்து, ஒரு பிஞ்சுகூடப் பறிக்கவில்லை. இப்போது அங்கே சோளம் நிற்கிறது.