மணியின் உண்ணிக் காய்ச்சலும் மருந்துச் செலவும்

எனக்குக் காது கேட்காது. வாசல் மணி, குக்கர் விசில், குழந்தையின் அழுகை எல்லாவற்றுக்கும் என் முழங்காலைத் தட்டிக் கூப்பிடுவது எங்கள் நாய் மணிதான். அவனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது, பெங்களூரு அல்சூரில் வீட்டருகே ஒரு தனியார் கிளினிக்கில் சொன்ன தொகை எங்கள் மாத வாடகையைத் தாண்டியது.

ஹெப்பாளில் இருக்கும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். மாணவர்கள் பயிலும் மருத்துவமனை என்பதால் கட்டணம் குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும். முதலில் மாணவர்கள் பார்த்தார்கள், அப்புறம் பேராசிரியர். அவசரமே படவில்லை. நான் கேள்விகளை எழுதிக் காட்ட, பதிலையும் எழுதியே தந்தார்கள். அந்தப் பொறுமையை மறக்க மாட்டேன். ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன.

பெரிய மிச்சம் மருந்தில்தான். இந்தக் காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளின் மனிதர்களுக்கும் தரும் மருந்துதான். பிராண்டுக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரைச் சீட்டில் எழுதித் தரக் கேட்டு, மூலப்பெயர் மருந்துகளை மலிவாக விற்கும் அரசுத் திட்டமான ஜன் ஔஷதி கடையில் வாங்கினேன். அளவை மட்டும் மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். நம் வீட்டு மாத்திரையை நாமாகக் கொடுத்துவிடக் கூடாது. பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு விஷமாகிவிடும்.

இப்போது உண்ணி மருந்தைத் தவறாமல் போடுகிறோம். உண்ணி சுவர் இடுக்கிலும் முட்டையிடும் என்பதால் மூலைமுடுக்கையும் சேர்த்துச் சுத்தம் செய்கிறோம். ரேபிஸ் ஊசிக்கு, செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாளையொட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் நடக்கும் இலவச முகாம்களை விசாரித்து வையுங்கள்.