ரவுட்டர் வரும்வரை: வெளிநாட்டில் முதல் வாரமும் ஒரு லேன் கேபிளும்

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் மன்னார்குடியில் எங்கள் தெருவில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். ஒரு வீட்டுப் பையன் கனடாவுக்கு, அடுத்த வீட்டுப் பெண் ஜெர்மனிக்கு, கூத்தாநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கு. நான் சில வருடம் வெளியில் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்பதால் என்னிடம் கேட்க வருவார்கள். குளிருக்கு என்ன வாங்குவது, மிளகாய்ப்பொடி எத்தனை கிலோ விடுவார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். இன்டர்நெட்டைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. போய் இறங்கினால் இருக்கும் என்ற நினைப்பு. இருக்கும்தான். ஆனால் புது வீட்டில் முதல் வாரம் பலருக்கு இப்படித்தான் போகிறது: மோடம் வந்துவிடும், வைஃபை ரவுட்டர் ஆர்டரில் இருக்கும், அல்லது அதை வாங்கும் காசு அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வரும். மோடத்தில் விளக்கு எரியும், ஃபோனில் ஒன்றும் வராது. அந்த ஒரு வாரத்துக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்டில் குடியேறினேன். 15ஆம் தேதி காலை இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து கேபிள் மோடத்தை மாட்டி, தன் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போனார். அன்று பிற்பகல் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பருவத்தில் டொரன்டோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். இங்கே 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்துகொண்டிருந்தது. கையில் இருந்த சிம்மில் டேட்டா இல்லை. லேப்டாப்பை மோடத்தில் மாட்டினேன், வரவில்லை. கம்பெனிக்கு ஃபோன் போட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

மாடியில் இருந்த வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வந்தார். தன் வைஃபை பாஸ்வேர்டைத் தரலாம் என்று இறங்கி வந்தவர், மோடத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, அதின்ரை கரண்டைக் கழட்டிப்போட்டு ரெண்டு நிமிசம் இருந்து பாருங்கோ" என்றார். செய்தேன். வந்துவிட்டது. அம்மா, அப்பா ஃபோன் இரண்டும் செத்துக் கிடந்தன. கும்பகோணத்துச் சித்தப்பா கிடைத்தார். மூன்றாம் நாள் அவர் பைக்கில் மன்னார்குடி போய்ப் பார்த்துவிட்டு, "வீடு நிக்குதுப்பா, எல்லாரும் நல்லா இருக்காங்க, கொல்லையில தென்னைதான் ஒண்ணுகூட மிச்சமில்ல" என்றார். அதை அந்த ஒரு வயர் வழியாகத்தான் கேட்டேன். ரவுட்டர் அதற்கும் நான்கு நாள் கழித்து வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். மோடம் என்பது வெளியிலிருந்து வரும் சிக்னலைக் கம்ப்யூட்டர் படிக்கும்படி மாற்றித் தரும் பெட்டி. ரவுட்டர் பங்கு பிரிக்கும் பெட்டி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். வந்து சேரும் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. தலைப்பு இல்லாவிட்டாலும் ஆறு ஓடும், ஒரே வழியில் ஓடும். ரவுட்டர் இல்லாத மோடமும் அப்படித்தான். ஒரு கம்ப்யூட்டருக்குத் தாராளமாகப் பாயும். அதற்கு ஒரு லேன் கேபிள் போதும்.

அந்தக் கேபிளை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி, இரண்டு முனையிலும் கிளிப் அடித்துத் தருவார்கள். கேட் 5இ என்று கேளுங்கள், மூன்று மீட்டர் போதும். நூறு மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் தாங்கும் வயர் அது, வீட்டு இணைப்புக்கு ஏராளம். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்களில் லேன் ஓட்டையே இருப்பதில்லை. யூஎஸ்பியிலிருந்து ஈதர்நெட்டுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். ஊறுகாய் பாட்டிலுக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவில் அடங்கிவிடும். வீட்டில் பழைய டெலிஃபோன் லைன் மோடம் இருக்கிறது, எடுத்துப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். அது டெலிஃபோன் கம்பிக்குச் செய்தது, அங்கே கேபிள் டிவி வயரில் வரும் இணைப்புக்கு உதவாது. பல நாடுகளில் பிளக்கும் சுவரில் பொருந்தாது.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். இப்போது நம் ஊர்களிலும் ஃபைபர் பெட்டி வந்துவிட்டது. வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளை அந்தப் பெட்டியில் மாட்டுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் ஐபிவி4 முகவரி என்று ஓர் எண் தெரியும். நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்பின் விலாசம் அது, சுருக்கமாக ஐபி முகவரி என்பார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சிக்கல் வந்தால் கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் அதுதான்.

அப்புறம் இன்னொரு வேலை. இது விளையாட்டில்லை, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ரவுட்டர் பங்கு பிரிப்பதோடு நிற்பதில்லை. வெளியிலிருந்து கூப்பிடாமல் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். அது இல்லாமல் மோடத்தில் நேராக மாட்டினால் பெரும்பாலும் உங்கள் லேப்டாப்புக்கே பொது ஐபி முகவரி, அதாவது இன்டர்நெட்டில் எங்கிருந்தும் எட்டக்கூடிய விலாசம் வந்துவிடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டிப் பார்க்கலாம். பயப்படச் சொல்லவில்லை, பூட்டச் சொல்கிறேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நாசகார மென்பொருள் 150 நாடுகளுக்கு மேல் பரவியபோது அது நுழைந்த வழி, விண்டோஸில் கோப்புகளைப் பகிர்வதற்காக இருக்கும் 445ஆம் எண் போர்ட், அதாவது நெட்வொர்க்குக்கான ஒரு வாசல். மைக்ரோசாஃப்ட் அதற்கான அப்டேட்டை மார்ச் மாதமே தந்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன.

அதனால் ஊரில் இருக்கும்போதே எல்லா அப்டேட்டையும் போட்டுவிடுங்கள். கூப்பிடாமல் வருவதைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வால் ஓடுகிறதா என்று பாருங்கள். 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் அது தானாகவே ஓடும், ஆனால் ஏதோ ஒரு மென்பொருளைப் போடுவதற்காக நண்பர் யாராவது அணைத்து வைத்திருப்பார். மோடத்தில் மாட்டியதும் ஈதர்நெட் பக்கத்தில் நெட்வொர்க் வகை பப்ளிக் என்று இருக்கட்டும். 'என் வீடுதானே' என்று பிரைவேட் போடாதீர்கள். ரவுட்டர் இல்லாத வீடு தெருவோடு சேர்ந்தது. கோப்பு, பிரிண்டர் பகிர்வை அணைத்துவிடுங்கள். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஃபயர்வால் பொதுவாக அணைந்தே வரும், நீங்கள்தான் போட வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் பெட்டியின் முதுகைப் பாருங்கள். லேன் ஓட்டை நான்கு இருந்து, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஸ்டிக்கரில் அச்சிட்டிருந்தால், அது மோடமும் ரவுட்டரும் சேர்ந்த பெட்டி. தனி ரவுட்டர் வாங்கவே தேவையில்லை. வந்த புதிதில் இதைப் பார்க்காமல் காசு போட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரே ஒரு லேன் ஓட்டைதான் இருக்கிறது, ஸ்டிக்கரில் வைஃபை பெயர் இல்லை என்றால் அது பெரும்பாலும் வெறும் மோடம்.

கேபிள் மோடமாக இருந்தால் சுவரிலிருந்து வரும் தடித்த வட்ட வயரை விரலால் இறுக்கித் திருகுங்கள். நடுவில் இருக்கும் செம்புக் கம்பி வளைந்திருக்கக் கூடாது. பிறகு கரண்ட் கொடுங்கள். விளக்குகள் கொஞ்ச நேரம் சிமிட்டும். ஆன்லைன் என்ற விளக்கு நிலையாக எரியும்வரை பொறுங்கள், முதல் தடவை பல நிமிடம் ஆகலாம். அதற்குப் பிறகு லேன் கேபிளை மாட்டுங்கள்.

மாட்டியும் வரவில்லையா? இங்கேதான் அக்கா சொன்ன வைத்தியம். லேன் ஓட்டை உள்ள ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி (MAC, ஆப்பிள் மேக் அல்ல) என்று தனி அடையாள எண் உண்டு. கேபிள் மோடம் பல, கரண்ட் வந்ததும் முதலில் எந்தக் கருவியைப் பார்க்கிறதோ அதன் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு மட்டும்தான் கொடுக்கும். முறை வைத்துப் பாய்ச்சும்போது ஒரு வயலுக்குத் திறந்த மடையை மூடாமல் அடுத்த வயலுக்குத் தண்ணீர் வராது இல்லையா, அதே கதைதான். என் மோடம் காலையில் வந்தவரின் லேப்டாப்பையே நினைத்துக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் பார்த்தால் மோடம் நன்றாகத்தான் தெரியும், அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. மோடத்தின் கரண்டைக் கழற்றி இரண்டு நிமிடம் வைத்தால் அந்த நினைவு போய்விடும். டெலிஃபோனும் சேர்ந்த மோடம் சிலவற்றில் உள்ளே பேட்டரி இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்டைக் கழற்றியும் பயனில்லை.

அப்போதும் வராவிட்டால், ஊரில் பழகிய அந்த ஐபி எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் மோடத்திடமிருந்து லேப்டாப்புக்கு எதுவும் கிடைக்கவில்லை, கிடைக்காததால் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளை மாற்றிப் பாருங்கள், மோடத்தை மறுபடி அணைத்துப் போடுங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் அநேகமாக அந்தப் பெட்டிக்குள் ரவுட்டரும் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் கம்பெனியே பலருக்கு ஒரு முகவரியைப் பங்கு போட்டுத் தருகிறது, அதனால் உங்களுக்குக் குறையில்லை. கேபிள் மோடம் என்றால் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்துப் பாருங்கள். பெரும்பாலான மோடங்களின் நிலைப் பக்கம் அங்கே திறக்கும். சிக்னல் வருகிறதா இல்லையா என்று அதில் தெரியும். கம்பெனியோடு பேசும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் அவர்களும் கவனமாகப் பதில் சொல்வார்கள்.

டெலிஃபோன் லைனிலும் சில ஃபைபர் இணைப்புகளிலும் வேறு வழக்கம். அங்கே பிபிபிஓஇ என்ற முறையில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் இணைப்பு கிடைக்கும், அவை கம்பெனி அனுப்பும் கடிதத்தில் இருக்கும். ரவுட்டர் இல்லாதபோது அவற்றை லேப்டாப்பிலேயே கொடுக்க வேண்டும். விண்டோஸில் டயல்-அப் பகுதியில் புது இணைப்பு என்று போய் பிராட்பேண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் சில லைன்களுக்கு விஎல்ஏஎன் (VLAN) எண் ஒன்றும் வேண்டும், ஒரே வயரில் போகும் இணைப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எண் அது. எல்லா லேப்டாப்பிலும் அதை எளிதாக அமைக்க முடியாது, அங்கே ரவுட்டருக்குக் காத்திருப்பதே நல்லது. ஆனால் 2016 ஆகஸ்ட் 1 முதல் அந்த நாட்டுச் சட்டப்படி நீங்கள் விரும்பிய ரவுட்டரை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், கம்பெனி தருவதைத்தான் வைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஃபைபர் வீடுகளில் மெல்லிய கண்ணாடி இழை வயரை மடிக்காதீர்கள், கழற்றிக் கண்ணால் பார்க்கவும் வேண்டாம்.

லேப்டாப்பில் வந்துவிட்டது, ஃபோனுக்கு? அம்மாவுக்கு வீடியோ கால் ஃபோனில் பேசினால்தானே திருப்தி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொபைல் ஹாட்ஸ்பாட் என்று ஒன்று இருக்கிறது. கேபிளில் வரும் இணைப்பை லேப்டாப்பே வைஃபையாகப் பரப்பும், எட்டுக் கருவிகள் வரை இணையலாம். அறை நண்பர்கள் நான்கு பேர் இருந்தாலும் அந்த வாரம் ஓடிவிடும். லேப்டாப் தூங்கிப்போனால் எல்லாருக்கும் போய்விடும் என்பதால் சார்ஜரில் போட்டு, ஸ்லீப்பை நிறுத்தி வையுங்கள். பாஸ்வேர்டைக் கொஞ்சம் நீளமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ரவுட்டர் வந்ததும் லேப்டாப்பிலிருந்து கேபிளைக் கழற்றி, ரவுட்டரில் இன்டர்நெட் அல்லது வான் (WAN) என்று எழுதியிருக்கும் தனி ஓட்டையில் மாட்டுங்கள். மற்ற நான்கு ஓட்டைகளில் ஒன்றில் மாட்டிவிட்டு வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். ரவுட்டரின் நிர்வாகி பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். முதலில் வராவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்ப வேண்டாம். மோடம் இப்போது உங்கள் லேப்டாப்பை நினைத்துக்கொண்டிருக்கும். கரண்டைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் இருந்து பாருங்கள்.