ஒரு ஸ்டில் கேமரா, ஒரு கைவினைஞர், ஐந்து நிமிட ஆவணப்படம்

தச்சர் ஒருவர் பலகையை இழைக்கும்போது இழைப்புளியை ஒரே தடவை தள்ளிவிட்டு நிறுத்துவதில்லை. நாற்பது, ஐம்பது தடவை தள்ளுவார். குயவரின் கை ஒவ்வொரு பானைக்கும் அதே வழியில் மேலேறும். கொல்லரின் சம்மட்டி அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். ஒற்றைக் கேமராவோடு போகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. முதல் தள்ளலை இடம் முழுதும் தெரியும் வைடில் எடுங்கள், பத்தாவதைக் கைக்கு அருகிலிருந்து, இருபதாவதை முகத்தில். எடிட்டிங்கில் சேர்க்கும்போது மூன்று கேமரா வைத்து எடுத்ததுபோல் இருக்கும். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு வசதியைப் பொறுமையாகப் பயன்படுத்துவது பற்றியதுதான்.

கேமரா இல்லாமல் ஒரு நாள்

முதல் நாள் நோட்டுப்புத்தகம் மட்டும் போதும். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது தொடக்கம் முதல் முடிவு வரை எத்தனை கட்டங்களாக நடக்கிறது என்று எழுதுங்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் திரும்பத் திரும்ப நடப்பவற்றையும் வலப்பக்கம் ஒரே தடவை நடப்பவற்றையும் பிரித்து வையுங்கள். இழைப்பது, அறுப்பது, தட்டுவது எல்லாம் இடப்பக்கம். சூளையைத் திறப்பது, பழுத்த இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பது, மூட்டுகளைக் கடைசியாக இறுக்கிச் சேர்ப்பது எல்லாம் வலப்பக்கம். வலப்பக்கம் உள்ள ஒவ்வொன்றுக்கும் கேமரா எங்கே நிற்கும், எந்த லென்ஸ் என்று அன்றைக்கே முடிவாகிவிட வேண்டும். அந்த நேரத்தில் புதுக் கோணம் தேடினால் கோணமும் கிடைக்காது, தருணமும் போய்விடும். கொஞ்சம் அகலமான ஃப்ரேமில், ட்ரைபாடில், முப்பது வினாடி முன்னதாகவே ரெக்கார்டிங்கைத் தொடங்கிவிடுங்கள்.

எதைக் காட்டக்கூடாது என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். கலவையின் அளவு, ஒரு அச்சின் வடிவம், வாடிக்கையாளரின் பெயர் எழுதிய சீட்டு என்று ஒவ்வொரு பட்டறையிலும் ஏதாவது இருக்கும். படம் எங்கெல்லாம் வெளிவரும் என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கைந்து நிமிடப் படத்துக்கு இரண்டு நாள் படப்பிடிப்பும் சுமார் இரண்டு மணி நேரக் காட்சிகளும் போதும். அதற்கு மேல் எடுத்தால் எடிட்டிங்கில் தேடுவதிலேயே நாள் போகும்.

கேமராவில் செய்ய வேண்டியவை

2008-ல் நிக்கானின் டி90-யும் கேனானின் 5டி மார்க் 2-வும் வந்ததிலிருந்து ஸ்டில் கேமராவில் வீடியோ எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆனாலும் பழக்கத்தில் அது இன்னும் புகைப்படக் கருவிதான். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்தையும் தனியாகச் சரிசெய்வதுபோல், வெளிச்சத்தையும் நிறத்தையும் ஷாட்டின் நடுவிலேயே மாற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) நான்கையும் மேனுவலில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. அங்கே மின்விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மின்னி அணைகின்றன. 1/50 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் சரியாக இரண்டு மின்னல் விழும், அதனால் படம் துடிக்காது. 1/60 வைத்தால் கணக்கு இடறும், திரையில் பட்டை பட்டையாக நிழல் நகரும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 30 ஃப்ரேம், 1/60. மலிவான எல்ஈடி பல்புகள் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் துடிப்பதுண்டு. முதல் நாளே பத்து வினாடி எடுத்து, பெரிய திரையில் பார்த்துவிடுங்கள்.

ஷட்டரைப் பூட்டிவிட்டால், முற்றத்து வெயிலுக்கு வந்ததும் படம் வெளுத்துப்போகும். நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் அப்பர்ச்சர் எஃப் 22 கேட்கும் (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறுக்கும்). எஃப் 4-ல் எடுக்க ஐந்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) குறைக்க வேண்டும், அதாவது வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி32 ஃபில்டர். சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் என்டி கைக்கு வசதிதான், ஆனால் வைட் லென்ஸில் கடைசி வரை சுழற்றினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல் கருநிழல் விழும்.

லென்ஸ் விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 35 மிமீ, 50 மிமீ இரண்டும் இருந்தால் நிறைவு. மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ இருந்தால் கூடுதல் நன்மை. கேமராவோடு வந்த 18-55 மட்டும் இருக்கிறது என்றால் அப்பர்ச்சரை எஃப் 5.6-ல் வைத்துவிடுங்கள். அதைவிடத் திறந்து வைத்தால் ஜூம் செய்யச் செய்ய லென்ஸ் தானே மூடிக்கொண்டு படம் இருளும்.

ஒயிட் பேலன்ஸை ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வினில் வையுங்கள். பகல் வெளிச்சத்துக்கு 5600, பழைய இழை பல்புக்கு 3200. ஜன்னல் வெளிச்சமும் ட்யூப்லைட்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் இன்னொன்று பச்சையாகவும் தெரியும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஜன்னல் போதுமென்றால் விளக்கை அணைத்துவிடுங்கள். ஆனால் முதலில் அவரிடம் கேளுங்கள். ரம்பத்தின் அருகில் விரல் வைத்து வேலை செய்கிறவருக்கு அந்த வெளிச்சம் தேவைப்படலாம். அப்படியென்றால் விளக்கு எரியட்டும், ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள்.

எடிட்டிங்கில் நிறம் சேர்ப்பதற்காகப் படத்தை வெளிறியபடி பதிவு செய்யும் லாக் ப்ரொஃபைலில் எடுக்கத் தோன்றும். கேமரா 8 பிட்டில்தான் பதிவு செய்கிறது என்றால் வேண்டாம். சுவரின் மெல்லிய நிற மாற்றங்கள் படிக்கட்டுபோல் உடையும். கேமராவின் நியூட்ரல் நிற அமைப்பில் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் போதும்.

கையை எடுப்பது

இழைக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். முதலில் பட்டறை மேசையும் ஆளும் முழுதாகத் தெரியும் வைட். இதில் அவர் எந்தப் பக்கம் பார்த்துத் தள்ளுகிறார் என்பது நிலைபெறும். அவர் இடமிருந்து வலம் தள்ளினால், இனி எல்லா ஷாட்டும் மேசையின் அதே பக்கத்திலிருந்துதான். மறுபக்கம் தாண்டினால் இழைப்புளி திரையில் திடீரென்று எதிர்த்திசையில் ஓடும், பார்க்கிறவர் ஒரு கணம் குழம்புவார். பிறகு கைக்கு க்ளோஸப். முகம். தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பதை. கடைசியாக ஒரு வித்தியாசமான கோணம்: மேசை மட்டத்தில் கேமராவை வைத்தால் மரச்சுருள் லென்ஸை நோக்கியே சுருண்டு வரும்.

ஒவ்வொன்றையும் பத்து வினாடிக்குக் குறையாமல் பிடியுங்கள். கேமராவை அசைக்க வேண்டாம், கை அசைகிறதே, அது போதும். வெறும் மேசையைக் காட்டி, கை ஃப்ரேமுக்குள் வந்து, வேலையை முடித்து, வெளியே போகும் வரை நிறுத்தாமல் எடுங்கள். கை நுழைவதும் வெளியேறுவதும் எடிட்டிங்கில் தங்கம் மாதிரி. அந்த இரண்டு இடத்திலும் எந்த ஷாட்டோடும் ஒட்டிக்கொள்ளலாம்.

ஃபோகஸில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது), 50 மிமீ லென்ஸ், அரை மீட்டர் தூரம், எஃப் 2.8 என்றால் துல்லியமாகத் தெரியும் ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். உளி அதற்குள் நிற்காது. எஃப் 8-க்கு மூடினால் மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும். பின்னணி அழகாக மங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், இவ்வளவு அருகில் போனால் அது தானாக மங்கிவிடும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, திரையைப் பெரிதாக்கி, கருவியின் முனை பொருளைத் தொடும் இடத்தில் ஃபோகஸை நிறுத்துங்கள். கட்டை விரல் குறுக்கே வரும்போதெல்லாம் ஆட்டோஃபோகஸ் விரலுக்குத் தாவும், திரும்பி வர ஒரு வினாடி தடுமாறும். அந்த வினாடியில்தான் வேலை நடந்திருக்கும்.

நாலைந்து தள்ளலுக்கு ஒரு முறை அவர் பலகையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் ஓரத்தை நீளவாக்கில் பார்ப்பார். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்க்கும் பார்வை அது. இரண்டு வினாடிதான் இருக்கும். பலகையின் மறுமுனையில், அந்தக் கண்ணின் உயரத்தில் கேமராவை வைத்துக் காத்திருங்கள். முதல் தடவை தவறும், இரண்டாவதில் ஃபோகஸ் தவறும், மூன்றாவதில் கிடைக்கும். இந்த ஒரு ஷாட் படத்தில் ஒரு பக்கப் பேச்சுக்குச் சமம்.

“இன்னொரு தடவை செய்யுங்கள்” என்று கேட்காதீர்கள். கேமராவுக்காகச் செய்யும்போது கை மெதுவாகிவிடும், தள்ளலில் உடம்பின் எடை இறங்காது. தொழில் தெரிந்த எவரும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். தானாகவே திரும்ப வரும் செயலுக்கு நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

தொடர்ச்சியிலும் ஒரு கண் இருக்கட்டும். காலையில் தரையில் சுருள் இருக்காது, மதியம் கணுக்கால் வரை கிடக்கும். ஒரு கட்டத்தின் எல்லாக் கோணங்களையும் அந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். மண் காய்வது போன்ற மெதுவான கட்டத்துக்கு டைம்லாப்ஸ் உதவும்: 5 வினாடிக்கு ஒரு படம் வீதம் மூன்று மணி நேரத்தில் 2160 படங்கள், திரையில் சுமார் 86 வினாடி. அதில் எட்டு வினாடி பயன்படுத்தினாலே அதிகம்.

வட்ட ரம்பம் வளைந்து தெரிவதும், கேமராவைச் சட்டென்று திருப்பினால் கதவு சாய்வதும் ரோலிங் ஷட்டரின் குறை. சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் வருவது, திருப்பாமல் இருப்பதுதான் வழி. அரத்தின் பல், நெருக்கமான துணி நெசவு போன்றவற்றில் வானவில் கோடுகள் தோன்றினால் ஓரடி முன்னே பின்னே நகர்ந்து பாருங்கள்.

பட்டறைக்குள் லென்ஸ் மாற்ற வேண்டாம். மரத்தூளும் மண்தூளும் சென்சாரில் ஒட்டினால் எல்லா ஷாட்டிலும் புள்ளி விழும். கிரைண்டர் பொறி கண்ணாடியில் சுட்டுப் பதிந்துவிடும் என்பதால் லென்ஸின் முன்னால் ஒரு சாதாரண யுவி ஃபில்டர் கட்டாயம்.

ஒலி

கேமராவின் உள் மைக்கை நம்பி இந்த வகைப் படம் எடுக்க முடியாது. ஆட்டோ லெவலில் விட்டால், சம்மட்டி விழும்போது ஒலியைக் கீழே தள்ளி, அடுத்த அடிக்குள் மெல்ல மேலே ஏற்றும். இடைவெளியெல்லாம் இரைச்சல் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். தனி ரெக்கார்டர் வையுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் மீட்டரில் -12 டெசிபலைத் தொட்டால் சரி (0-தான் மேல் வரம்பு). தட்டும் வேலைக்கு இன்னும் கீழே, உச்சம் -6-ஐத் தாண்டாதபடி. ஹெட்போன் இல்லாமல் எதையும் பதிவு செய்யாதீர்கள். சட்டையில் குத்தும் லேப்பல் மைக் உடையில் உரசும் சத்தம் கண்ணுக்குத் தெரியாது.

படம் எடுத்து முடிந்தபின் கேமராவை வைத்துவிட்டு, மைக்கைக் கருவியிலிருந்து முப்பது சென்டிமீட்டரில் பிடித்து ஒலியை மட்டும் எடுங்கள். இழைப்புளி கூர்மையாக இருக்கும்போது நீளமான ஒரு ‘ஸ்ஸ்’. மழுங்கினால் அதே சத்தம் விட்டுவிட்டு உரசும். அந்த வித்தியாசம் படத்தில் கேட்டால், அவர் ஏன் நிறுத்தித் தீட்டப் போகிறார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. கடைசியாக, எல்லோரும் சும்மா இருக்க, அறையின் வெற்றொலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பேட்டியில் வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அதுதான் பசை.

பேட்டி

முதல் நாளே உட்கார வைத்துக் கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். இரண்டாம் நாள் வேலை முடிந்தபின், அதே பட்டறையில், மின்விசிறியையும் இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு எடுங்கள். ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். கேமரா அவர் கண் உயரத்தில், நீங்கள் லென்ஸை ஒட்டி. ரெக்கார்டரும் கேமராவும் ஓடத் தொடங்கியதும் ஒரு கைதட்டு, பிறகு ஒலியைப் பொருத்த அதுவே அடையாளம்.

“இந்தத் தொழில் உங்களுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். “இது கெட்டுப்போகப் போகிறது என்று முதலில் எதை வைத்துத் தெரியும்?”, “கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எங்கே தவறுவார்கள்?” என்று கேளுங்கள். கை தானாகக் காற்றில் வேலை செய்யத் தொடங்கும். பதில் முடிந்ததும் மூன்று வினாடி பேசாமல் இருங்கள். நல்ல வாக்கியம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் தாமாக நின்றுவிடும். அரை மணியும் அதற்கு மேலும் பதிவு செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்பு வீடியோ கேமராவுக்கான சுங்கவரி விழுந்தது என்பதால் வைத்த வரம்பு அது. இரண்டு கேள்விக்கு ஒரு முறை நீங்களே நிறுத்தித் தொடங்கிவிடுங்கள். 4கே-யில் 100 மெகாபிட் வேகத்தில் 64 ஜிபி கார்டு சுமார் 85 நிமிடம் வரும். வி30 கார்டு (வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதுவது) போதும். அன்றிரவே இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.

எடிட்டிங்

டைம்லைனைத் திறக்கும் முன் பேட்டியை முழுக்க எழுத்தாக்குங்கள். காகிதத்தில் கோடிட்டு, இரண்டரை நிமிடத்துக்கு மேல் பேச்சு வராமல் சுருக்குங்கள். படத்தில் தெரிவதையே பேச்சும் சொன்னால் பேச்சை எடுத்துவிடுங்கள். அடுத்த காட்சியின் ஒலியை அரை வினாடி முன்னதாகவே உள்ளே விட்டால் கட் தெரியாமல் வழுக்கும். இரண்டு இடத்திலாவது இசையும் பேச்சும் இல்லாமல், ஒரு செயல் தொடங்கி முடியும் வரை, பதினைந்து வினாடி வெட்டாமல் விடுங்கள்.

ஷாட்டை இடவலமாகப் புரட்டிப் போடவே கூடாது. வலக்கைக்காரர் இடக்கைக்காரராகிவிடுவார், உளியின் சரிவு எதிர்ப்பக்கம் போய்விடும். ஒலியின் மொத்த அளவு இணையத்துக்கு -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரி அளவு) அருகில் இருக்கட்டும்.

வெளியிடும் முன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். கட்டங்களின் வரிசை மாறியிருந்தால் நமக்குத் தெரியாது, அவருக்கு உடனே தெரியும். “இங்கே இன்னும் பசை காயவில்லையே, அதற்குள் எப்படி இழைக்கிறேன்?” என்று அவர் கேட்டால் அந்த ஷாட்டை உரிய இடத்துக்கு மாற்றிவிட்டு, திரும்ப ஒரு முறை முழுதாக ஓட்டிப் பார்த்து, பிறகு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.